டிஸ்சார்ஜை உயர்த்த எங்கே மனு போடுவது: மறுஆய்வு வாரியமா, திருத்த வாரியமா, வி.ஏ.வா?

அமெரிக்கப் படைகளிலிருந்து வெளியே வருவதையும், எந்தத் தரத்தில் வெளியே வந்தார் என்பதையும் டிஸ்சார்ஜ் என்பார்கள். அப்படி வெளியே வருபவருக்கு டி.டி. 214 என்ற தாள் கிடைக்கும். அதன் 24-ஆவது கட்டத்தில் ‘ஹானரபிள்’ என்றிருந்தால், தாளை ஃபைலில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ‘ஜெனரல்’ என்றிருந்தால் கல்லூரிப் படிப்புக்கான ஜி.ஐ. பில் உதவி போய்விடும். மற்றவை பெரும்பாலும் கிடைக்கும். ‘அதர் தேன் ஹானரபிள்’ என்றிருந்தால் மருத்துவம், பணியில் வந்த பாதிப்புக்கான இழப்பீடு, வீட்டுக்கடன் எல்லாமே இழுபறிதான். இதை எல்லாரும் ஓ.டி.எச். என்றே சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். ராணுவ நீதிமன்றமான கோர்ட் மார்ஷலின் தண்டனையாக வரும் ‘பேட் கண்டக்ட்’, ‘டிஸ்ஹானரபிள்’ இரண்டும் அதற்கும் கீழே.

இதைத் தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. 2009-இல் அமெரிக்க ராணுவம் மாவ்னி என்றொரு திட்டத்தில் ஆள் எடுக்க ஆரம்பித்தது. மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருந்த வெளிநாட்டவர், ராணுவம் கேட்ட மொழிகளில் ஒன்று தெரிந்திருந்தால், கிரீன் கார்டு இல்லாமலேயே சேரலாம். சீக்கிரமே குடியுரிமையும் வாங்கலாம். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-இல் புதிய ஆள் சேர்ப்பு நின்றுபோனது. கீழே நான் சொல்லப்போகும் பதினைந்து ஆண்டுக் கெடு, அந்தத் திட்டத்தில் முதலில் சேர்ந்து சீக்கிரம் வெளியே வந்தவர்களுக்கு இப்போதுதான் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருக்கிறது.

முதலில் ஒரு வதந்தியை ஒதுக்கிவிடுவோம். ‘ஆறு மாதம் போனால் தானாகவே ஹானரபிள் ஆகிவிடும், கையெழுத்துப் போடு’ என்று சொல்லி ஆளை அனுப்பிவைப்பது வியட்நாம் காலத்திலிருந்தே நடக்கிறது. அப்படி ஒரு விதியே கிடையாது. மனு போட்டால்தான் எதுவும் மாறும். மனுவிலும் நிரூபிக்கும் சுமை மனுதாரர் தலையில்தான். ராணுவம் செய்தது முறைப்படிதான் இருக்கும் என்ற அனுமானத்தோடுதான் வாரியங்கள் ஃபைலைத் திறக்கின்றன.

மூன்று வழிகள் உள்ளன. படைப்பிரிவின் டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியம் ஒன்று. அதே படைப்பிரிவின் ஆவணத் திருத்த வாரியம் இன்னொன்று. மூன்றாவது, முன்னாள் படைவீரர் நலத் துறையான வி.ஏ.; இது தாளைத் தொடாது, ‘எங்கள் சலுகைகளுக்கு இவர் தகுதியானவரா’ என்று மட்டும் தானாக ஒரு முடிவெடுக்கும். என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஓ.டி.எச். வாங்கிப் பதினைந்து ஆண்டு ஆகாதவர் வி.ஏ.விலும் மறுஆய்வு வாரியத்திலும் ஒரே சமயத்தில் மனு போடவேண்டும், திருத்த வாரியத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளவேண்டும். இதற்கு விலக்குகள் உண்டு. அந்த விலக்குகளில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

மறுஆய்வு வாரியம்

இந்த வாரியம் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் அதன் குணமும் புரியும். இரண்டாம் உலகப்போரில் ஹானரபிளும் இல்லாமல் டிஸ்ஹானரபிளும் இல்லாமல் நீலக் காகிதத்தில் ஒரு டிஸ்சார்ஜ் கொடுத்தார்கள். விசாரணை எதுவும் தேவையில்லை, அதிகாரி மனது வைத்தால் போதும். 1941 டிசம்பர் முதல் 1945 ஜூன் வரை ராணுவம் கொடுத்த 48,603 நீலத் தாள்களில் 10,806 கறுப்பினப் படைவீரர்கள் கைக்குப் போயின. அதாவது 22 சதவீதம். ராணுவத்தில் அவர்கள் பங்கோ 6.5 சதவீதம்தான். ஓரினச்சேர்க்கையாளர் என்று சந்தேகிக்கப்பட்டவர்களையும் இதே தாளைக் கொடுத்துத்தான் வெளியேற்றினார்கள். தாளின் நிறத்தைப் பார்த்தே வேலை மறுத்தார்கள், வி.ஏ.வும் கையை விரித்தது. 1944-இன் ஜி.ஐ. பில் சட்டத்திலேயே, டிஸ்சார்ஜை மறுஆய்வு செய்ய வாரியம் வேண்டும் என்ற பிரிவைச் சேர்த்திருந்தார்கள். இன்றைய மறுஆய்வு வாரியங்களின் வேர் அதுதான்.

ஆகவே இந்த வாரியம் கேட்கும் கேள்விகள் இரண்டு. டிஸ்சார்ஜ் விதிப்படி நடந்ததா? விதிப்படியே நடந்திருந்தாலும் அது நியாயமா? பெரும்பாலான மனுக்கள் இரண்டாவதில்தான் ஜெயிக்கின்றன அல்லது தோற்கின்றன. டி.டி. 293 படிவத்தில் மனு போடவேண்டும், கட்டணம் இல்லை. வெளியே வந்த நாளிலிருந்து பதினைந்து ஆண்டுக்குள் மனு போய்ச் சேரவேண்டும். இந்தக் கெடுவைத் தளர்த்த வாரியத்துக்கே அதிகாரம் இல்லை.

பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இங்கே உண்டு. இந்த வாரியத்தில் இரண்டு வாய்ப்புகள் இருக்கின்றன: ஆவணங்களை மட்டும் வைத்துப் பார்ப்பது ஒன்று, நேரில் அல்லது வீடியோவில் ஆஜராகிப் பேசுவது மற்றொன்று. முதலில் ஆவண ஆய்வு கேட்டுத் தோற்றால், அப்புறம் நேர்முக விசாரணை கேட்கலாம். முதலிலேயே நேர்முகம் கேட்டால் ஆவண ஆய்வு வாய்ப்பு போய்விடும். எனவே ஆவண ஆய்விலிருந்து தொடங்குவதே லாபம். அதில் தோற்றால்கூட, வாரியம் எதை நம்பவில்லை என்று எழுத்தில் கையில் கிடைக்கும். நேர்முகத்தில் அதற்கே பதில் சொல்லலாம். ஆனால் நேர்முக விசாரணையையும் அதே பதினைந்து ஆண்டுக்குள் கேட்டாகவேண்டும். பதினான்காவது ஆண்டில் விழித்துக்கொண்டவருக்கு இரண்டு வாய்ப்பு இருக்காது. அவர் நேராக நேர்முகத்தையே கேட்பது நல்லது. முகம் பார்த்துப் பேசும்போது கிடைக்கும் மதிப்பு காகிதத்துக்குக் கிடைப்பதில்லை.

மனு போட்டால் இருப்பதையும் கெடுத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கெடுக்கமாட்டார்கள், டிஸ்சார்ஜைக் கீழே இறக்க இந்த வாரியத்துக்கு அனுமதி இல்லை. 28-ஆவது கட்டத்தில் இருக்கும் காரணத்தையும் மாற்றச் சொல்லிக் கேட்கலாம். இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். ஹானரபிள் வாங்கியும் ‘ஆளுமைக் கோளாறு’ என்ற காரணத்தோடு இருக்கும் தாளை வேலைக்கு எடுப்பவரிடம் நீட்டுவது சங்கடம்தானே.

இந்த வாரியத்தால் முடியாதவையும் இருக்கின்றன. ஜெனரல் கோர்ட் மார்ஷல், அதாவது பெரிய குற்றங்களை விசாரிக்கும் ராணுவ நீதிமன்றம், கொடுத்த தண்டனையைத் தொடவே முடியாது. அதற்கு அடுத்த நிலையில் உள்ள ஸ்பெஷல் கோர்ட் மார்ஷல் கொடுத்த பேட் கண்டக்ட் டிஸ்சார்ஜை, கருணை அடிப்படையில் மட்டும் மாற்றலாம். மருத்துவ ஓய்வூதியம் கொடுக்கமுடியாது, பதவியைத் திருப்பித் தரமுடியாது, நிலுவைச் சம்பளமும் தரமுடியாது.

திருத்த வாரியம்

மேலே சொன்ன முடியாதவை எல்லாம் இங்கே முடியும். 1946-க்கு முன் ஒருவரின் ராணுவ ஆவணத்தில் பிழை இருந்தால், அவருடைய தொகுதி உறுப்பினரைப் பிடித்து நாடாளுமன்றத்தில் அவர் ஒருவருக்காகவே தனி மசோதா கொண்டுவரவேண்டும். இப்படித் தனி மசோதாக்கள் குவிந்து தாங்காமல், அந்த வேலையைத் துறைச் செயலர்களிடமும் அவர்களின் கீழ் சிவிலியன்கள் கொண்ட வாரியங்களிடமும் தள்ளிவிட்டார்கள். நாடாளுமன்றமே செய்துகொண்டிருந்த வேலை என்பதால்தான் அதிகாரம் இவ்வளவு விரிந்திருக்கிறது. ராணுவத்துக்கு ஒன்று, கடற்படைக்கும் மரீன் படைக்கும் சேர்த்து ஒன்று, விமானப்படைக்கும் விண்வெளிப் படைக்கும் சேர்த்து ஒன்று, கடலோரக் காவல் படைக்குத் தனியாக ஒன்று.

படிவம் டி.டி. 149. பிழை அல்லது அநீதி தெரியவந்ததிலிருந்து மூன்று ஆண்டு கெடு. ஆனால் ‘நீதியின் நலன் கருதி’ அதைத் தளர்த்தலாம். முப்பது, நாற்பது ஆண்டு கழித்து வந்த மனுக்களையும் பார்த்திருக்கிறார்கள். ஜெனரல் கோர்ட் மார்ஷல் தீர்ப்பை இங்கேயும் ரத்து செய்யமுடியாது, ஆனால் தண்டனையாக வந்த டிஸ்சார்ஜைக் கருணையால் உயர்த்தலாம். புதிய ஆதாரம் கிடைத்தால் எப்போது வேண்டுமானாலும் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

அப்படியானால் எடுத்த எடுப்பில் இங்கேயே வந்துவிடலாமே? பதினைந்து ஆண்டு முடியாதவரைப் பெரும்பாலும் ‘முதலில் மறுஆய்வு வாரியத்துக்குப் போய் வா’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதோடு, நேர்முக விசாரணை இங்கே உரிமை இல்லை. கேட்கலாம், கொடுப்பது அபூர்வம். பெரும்பாலும் காகிதம்தான் பேசும். வாரியம் தன் மருத்துவரிடமோ சட்ட அதிகாரியிடமோ ஒரு கருத்து வாங்கும், அதன் நகல் உங்களுக்கு வரும். அதற்குப் பதில் எழுதாமல் விட்டால் அந்தக் கருத்தே பெரும்பாலும் தீர்ப்பாகிவிடும். பத்தில் ஒன்பது மனுக்களைப் பத்து மாதத்துக்குள்ளும், எல்லாவற்றையும் பதினெட்டு மாதத்துக்குள்ளும் முடிக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கணக்கை நம்பி வாழ்க்கையைத் திட்டமிடாதீர்கள்.

இரண்டு வாரியங்களும் கொடுக்கும் ‘ஹானரபிள்’ ஒன்றுதானா?

தாளைப் பார்த்தால் ஒன்றுதான், வி.ஏ.வின் கண்ணுக்கு ஒன்றில்லை. இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருப்பவர் இதைப் படித்தால் போதும்.

வி.ஏ. சலுகை மறுப்பதற்கு இரண்டு வகைத் தடைகள் உண்டு. ஒன்று நாடாளுமன்றச் சட்டத்திலேயே எழுதியவை: ஜெனரல் கோர்ட் மார்ஷல் தண்டனை, படையை விட்டு ஓடியது, தொடர்ந்து 180 நாளோ அதற்கு மேலோ அனுமதியில்லாமல் காணாமல் போய் அதற்காக டிஸ்சார்ஜ் ஆனது, மனசாட்சியைச் சொல்லிக் கடமையை மறுத்தது, அதிகாரி ஒருவர் ‘படையின் நன்மைக்காக’ ராஜினாமா செய்தது. போர்க்காலத்தில் வெளிநாட்டவர் ஒருவர் தானாகவே கேட்டு விலகியதும் இந்தப் பட்டியலில் இருக்கிறது, மாவ்னி வழியாக வந்தவர்கள் கவனிக்க. இன்னொரு வகை, வி.ஏ. தன் விதிகளில் எழுதிக்கொண்டவை: வேண்டுமென்றே தொடர்ந்து ஒழுங்கு மீறியது, ஒழுக்கக்கேடான பெருங்குற்றம், கோர்ட் மார்ஷலைத் தவிர்க்க ஓ.டி.எச். வாங்கிக்கொண்டது போன்றவை.

மறுஆய்வு வாரியம் உயர்த்திக் கொடுத்தால் இரண்டாவது வகைத் தடை மட்டும் விலகும். முதல் வகை அப்படியே நிற்கும். திருத்த வாரியம் உயர்த்தினால் அது வி.ஏ.வைக் கட்டுப்படுத்தும், இரண்டு வகையும் விலகும். 200 நாள் காணாமல் போனதற்காக ஓ.டி.எச். வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மறுஆய்வு வாரியத்தில் ஜெயித்து, ஜெனரல் என்று அச்சடித்த புதுத் தாளோடு வி.ஏ. அலுவலகத்துக்குப் போகிறார். அங்கே ‘இல்லை’ என்கிறார்கள். தாள் மாறியது உண்மை, தடை மாறவில்லை என்பதும் உண்மை.

இந்த விசித்திரம் 1977-இல் வந்தது. ஜிம்மி கார்ட்டர் பதவியேற்ற மறுநாளே, வியட்நாம் போருக்கு ஆளெடுத்தபோது தப்பியவர்களுக்கு மன்னிப்பு வழங்கினார். அதே ஆண்டு, வியட்நாம் காலத்து டிஸ்சார்ஜ்களை மொத்தமாகவும் தாராளமாகவும் மறுஆய்வு செய்ய ஒரு சிறப்புத் திட்டமும் வந்தது. நாடாளுமன்றத்தில் பலருக்கு இது பிடிக்கவில்லை. அக்டோபரில் ஒரு சட்டம் போட்டார்கள். அந்தச் சிறப்புத் திட்டத்தில் உயர்ந்தவர்கள் வழக்கமான அளவுகோலில் மறுபடி பார்க்கப்பட்டால்தான் வி.ஏ. சலுகை என்றார்கள், 180 நாள் தடையைச் சேர்த்தார்கள், மறுஆய்வு வாரியத்தின் தீர்ப்பு சட்டத் தடைகளை நீக்காது என்றும் எழுதிவிட்டார்கள். கார்ட்டரோடு போட்ட சண்டையின் பாக்கியை இன்று ஈராக்கிலிருந்து வந்தவரும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

எனவே சட்டத் தடை உள்ளவருக்கு இலக்கு திருத்த வாரியம்தான். மறுஆய்வு வாரியம் அவருக்கு வழியில் ஒரு நிறுத்தம்.

வி.ஏ. வழி

டி.டி. 214-ஐ மாற்ற வி.ஏ.வுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் பணத்தையும் மருத்துவத்தையும் கையில் வைத்திருப்பது அதுதான். ஓ.டி.எச். வைத்திருப்பவர் இழப்பீட்டுக்கோ மருத்துவத்துக்கோ வழக்கமான விண்ணப்பம் போட்டாலே போதும், அவர் பணியின் தன்மையை வி.ஏ. ஆராய்ந்தாகவேண்டும். இதற்குத் தனிப் படிவம் ஏதும் இல்லை. வரவேற்பு மேசையில் தாளைப் பார்த்தவுடன் ‘உங்களுக்குக் கிடையாது’ என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால், அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுத்தில் மறுக்கும்வரை அது மறுப்பே இல்லை.

2024 ஜூனில் வி.ஏ. தன் விதிகளைக் கொஞ்சம் தளர்த்தியது. ஓரினச்சேர்க்கை தொடர்பான பழைய தடையை எடுத்தது. தொடர் ஒழுங்குமீறல் போன்றவற்றில், எவ்வளவு காலம் நல்லபடியாகப் பணி செய்தார், அப்போது மனநலம் எப்படி இருந்தது, பாலியல் வன்முறைக்கு ஆளானாரா, குடும்பத்தில் என்ன நெருக்கடி என்பதையெல்லாம் எடைபோடச் சொன்னது. முன்பு மறுக்கப்பட்டவர்கள் மறுபடி போட இது நல்ல காரணம்.

மறுப்பு வந்தாலும் எல்லாம் மூடிவிடுவதில்லை. வி.ஏ.வின் சொந்த விதித் தடையால் மட்டும் மறுக்கப்பட்ட ஓ.டி.எச். ஆளுக்கு, பணியில் வந்த குறிப்பிட்ட பாதிப்புக்கு மட்டுமாவது சிகிச்சை கிடைக்க வழி இருக்கிறது. போர்முனையில் இருந்தவர்களுக்கும் பணியில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் ஓ.டி.எச். இருந்தாலும் மனநல சிகிச்சை கொடுக்க 2018-இல் சட்டம் வந்தது. தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர் எந்தத் தாளையும் தேடவேண்டாம். டிஸ்ஹானரபிள் அல்லாதவர்களில் பலருக்கும் 2023 முதல் அவசர சிகிச்சை இருக்கிறது.

இரண்டு முறை ஒப்பந்தம் போட்டவர்கள் 18-ஆவது கட்டத்தையும் பார்க்கவேண்டும். முதல் நான்கு ஆண்டு நல்லபடியாக முடித்து, இடைவெளி இல்லாமல் மறுபடி சேர்ந்து, இரண்டாவது ஒப்பந்தத்தில் ஓ.டி.எச். வாங்கியவருக்கு ஒரே ஒரு டி.டி. 214-தான் வரும், அதில் ஓ.டி.எச். என்றுதான் இருக்கும். ஆனால் குறிப்புகள் பகுதியில், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை தொடர்ச்சியான ஹானரபிள் பணி என்று ஒரு வரி இருக்கலாம். அந்த முதல் காலத்தை வைத்தே வி.ஏ. சலுகை கேட்கலாம், ஜி.ஐ. பில் உட்பட. அவர் எந்த வாரியத்துக்கும் போகவேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.

ஏன் வி.ஏ.வையும் மறுஆய்வு வாரியத்தையும் ஒரே சமயத்தில் என்றேன்? 2014-இல் பாதுகாப்புச் செயலர் சக் ஹேகல், வியட்நாம் காலத்தவர்களை மனதில் வைத்து, போர் அதிர்ச்சி மனநோய் காரணமாக நடந்த தவறுகளைத் தாராளமாகப் பார்க்கும்படி திருத்த வாரியங்களுக்கு எழுதினார். 2017 ஆகஸ்டில் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்த, எழுதிய அதிகாரியின் பெயரால் கர்டா குறிப்பு எனப்படும் வழிகாட்டுதல் அதை விரித்தது. வாரியம் நான்கு கேள்வி கேட்கவேண்டும்: தவறை மன்னிக்கவோ குறைத்துப் பார்க்கவோ இடம்தரும் நோய் அல்லது அனுபவம் உண்டா? அது பணிக்காலத்தில் இருந்ததா? அது உண்மையிலேயே இந்தத் தவறை விளக்குகிறதா? டிஸ்சார்ஜை மிஞ்சும் அளவுக்கு அதற்கு எடை இருக்கிறதா? முதல் இரண்டு கேள்விக்கும் வி.ஏ.வின் ‘இந்த நோய் பணியால் வந்தது’ என்ற முடிவு வலுவான ஆதாரம் என்று அதே குறிப்பு சொல்கிறது. வி.ஏ.வில் மாதக்கணக்கில் காத்திருப்பதன் பலன் வெறும் பணம் இல்லை, வாரியத்தில் வைக்க ஒரு கடிதமும்தான். அதற்குள் வாரியம் தீர்ப்பு சொல்லிவிட்டால், அந்தக் கடிதம் நேர்முகத்துக்கோ திருத்த வாரியத்துக்கோ உதவும், வீணாகாது.

மூன்றாவது கேள்வியில்தான் மனுக்கள் சாய்கின்றன. குண்டுவெடிப்புக்குப் பிறகு தூக்கமில்லாமல் குடித்தார், கஞ்சா பிடித்தார், அணிவகுப்புக்கு வரவில்லை என்றால் தொடர்பு புரியும். திட்டமிட்டுக் களவாடினார் என்றால் புரியாது. திட்டமிட்ட குற்றத்துக்கு இந்தத் தாராளம் பொதுவாகப் பொருந்தாது என்று குறிப்பே சொல்கிறது. மனுவில் பாதிப் பக்கங்களை நோயை நிரூபிக்கச் செலவழித்துவிட்டு, நோய்க்கும் தவறுக்கும் உள்ள தொடர்பை ஒரு வரியில் முடிப்பதுதான் வழக்கமான கோளாறு. தேதிவாரியாக எழுதுங்கள். சம்பவம் எப்போது, நடத்தை எப்போதிலிருந்து மாறியது, முதல் தண்டனை எப்போது. அதுவரை நல்ல மதிப்பீடுகள் வாங்கியவர் திடீரென்று சரிந்தார் என்றால் அந்தச் சரிவே ஆதாரம். ராணுவ மருத்துவக் குறிப்பு இல்லாவிட்டாலும் மனைவி, உடன் பணிசெய்தவர், மதகுரு, ஆலோசகர் எழுதும் கடிதங்களை வாரியம் ஏற்கவேண்டும். மனுதாரரின் சொந்த வாக்குமூலமே அனுபவத்தை நிலைநாட்டப் போதுமானதாக இருக்கலாம்.

மனநோய் எதுவும் இல்லை, இளவயதில் செய்த தவறு என்பவருக்கு 2018 ஜூலையில் அதே துறையிலிருந்து வந்த வில்கி குறிப்பு என்ற இன்னொரு வழிகாட்டுதல் உதவும். எத்தனை ஆண்டு கடந்தது, அப்போது வயது என்ன, அப்புறம் எப்படி வாழ்ந்தார், பொறுப்பேற்றுக்கொண்டாரா என்று பார்க்கச் சொல்கிறது. ஹானரபிள் வாங்க மாசில்லாத பணி தேவையில்லை என்றும் அதில் இருக்கிறது. மனுவில் எடுத்துப் போடத்தக்க வரி அது.

பழைய தீர்ப்புகளைப் பெயர் நீக்கி இணையத்தில் படிக்கக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் படைப்பிரிவு, உங்கள் காரணம் இரண்டையும் வைத்துத் தேடி, ஜெயித்தவர் என்ன இணைத்தார் என்று பாருங்கள். பணிக்கோப்பு செயின்ட் லூயிஸில் இருக்கும் ஆவணக் காப்பகத்திலிருந்து வரும். 1960-க்கு முன் ராணுவத்தை விட்டவராக இருந்தால், 1973 ஜூலை தீவிபத்தில் அது எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். உதவிக்கு அமெரிக்கன் லீஜியன் போன்ற சங்கங்களும், யேல், ஹார்வர்டு சட்டக் கல்லூரிகளின் இலவச மையங்களும், சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸோர்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸ் அமைப்பும் இருக்கின்றன. காசு கொடுத்து வக்கீல் பிடிப்பதற்கு முன் இங்கே கேட்டுவிடுங்கள்.

மிச்ச வழிகள்

ஓரினச்சேர்க்கையாளர் என்பதற்காக மட்டும் வெளியேற்றப்பட்டவர்களுக்கு இந்தக் குழப்பங்கள் குறைவு. ஓரினச்சேர்க்கையாளர் தம்மை வெளிப்படுத்திக்கொண்டால் வெளியேற்றிய ‘கேட்காதே, சொல்லாதே’ சட்டம் 2011 செப்டம்பரில் போனதிலிருந்து, வேறு குற்றம் ஏதும் இல்லாவிட்டால் வாரியங்கள் உயர்த்திக் கொடுப்பதே வழக்கம். 2024-இல் பாதுகாப்புத் துறை தானாகவே பழைய ஃபைல்களைத் தேடி எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு மாற்றிக் கொடுத்தது. அதே ஆண்டு ஜூனில், ஒருமித்த உறவுக்காக ராணுவச் சட்டத்தில் தண்டனை பெற்றவர்களுக்கு ஜோ பைடன் பொதுமன்னிப்பு அறிவித்தார். மன்னிப்புக் கடிதம் வந்தாலும் டிஸ்சார்ஜ் தானாக மாறாது, வாரியத்தில் மனு போட்டே ஆகவேண்டும்.

திருத்த வாரியத்திலும் தோற்றால்? 2019 டிசம்பர் 20-இலோ அதற்குப் பிறகோ வெளியே வந்தவர்களுக்குப் பாதுகாப்புத் துறை அளவில் ஒரு மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது. ஓராண்டுக்குள் போகவேண்டும், புதிய ஆதாரம் வைக்கமுடியாது. மத்திய நீதிமன்றத்துக்கும் போகலாம். அது வாரியத்தின் முடிவு தர்க்கத்தோடு இருந்ததா என்று பார்க்குமே தவிர, தானே உயர்த்திக் கொடுக்காது. பெரும்பாலும் ‘மறுபடி பார்’ என்று திருப்பி அனுப்பும்.

ஜெனரலிலிருந்து ஹானரபிளுக்கு உயர்த்தப் பாடுபடலாமா என்பது தனிக் கணக்கு. ஜெனரல் வைத்திருப்பவருக்கு வி.ஏ. மருத்துவமும் இழப்பீடும் ஏற்கெனவே உண்டு. உண்டு என்பதே தெரியாமல் இருக்கிறார்கள், அது வேறு விஷயம். ஜி.ஐ. பில் படிப்புக்குத்தான் முழு ஹானரபிள் வேண்டும். படிக்கும் எண்ணம் இருந்தால் மனு போடுங்கள். மனதுக்கு ஆறவில்லை என்பதும் சரியான காரணம்தான், ஆனால் அவசரமில்லை. முதலில் இழப்பீட்டு விண்ணப்பத்தை முடியுங்கள்.

மாவ்னிக்காரர்களுக்கு அவசரம் வேறு. ராணுவப் பணியின் பேரில் குடியுரிமை பெற்றவர், மொத்தம் ஐந்து ஆண்டு கௌரவமான பணியை முடிப்பதற்குள் ஓ.டி.எச். அல்லது அதற்குக் கீழான டிஸ்சார்ஜில் வெளியே வந்தால், அந்தக் குடியுரிமையையே ரத்து செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்கு அரசு நீதிமன்றத்துக்குப் போகவேண்டும், எல்லார்மேலும் போவதில்லை. ஆனாலும் வாய்ப்பு இருந்துகொண்டே இருக்கும். வி.ஏ. தரும் ‘தகுதியானவர்’ என்ற முடிவு இங்கே உதவாது, ஏனென்றால் தாளில் ஓ.டி.எச். அப்படியேதான் இருக்கிறது. இவர்களுக்கு மறுஆய்வு வாரியம்தான் முதல் இடம். ஜெனரலாக உயர்ந்தாலே பெரிய விஷயம்.

இன்னும் குடியுரிமை பெறாமல் கிரீன் கார்டில் இருப்பவர் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். வில்கி குறிப்பு பொறுப்பேற்கச் சொல்கிறது. வாரியமும் ‘ஆமாம், போதைப்பொருள் பயன்படுத்தினேன், தவறுதான்’ என்று எழுதுகிறவரை மதிக்கிறது. ஆனால் தண்டனையே இல்லாவிட்டாலும், போதைக் குற்றத்தின் கூறுகளை ஒப்புக்கொண்டதே குடியேற்றச் சட்டத்தில் ஒருவரை நாட்டுக்குள் அனுமதிக்காமல் இருக்கக் காரணமாகலாம். அம்மாவைப் பார்க்கச் சென்னைக்குப் போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில் அந்தக் கேள்வி எழலாம். டி.டி. 293-இன் வாக்குமூலப் பக்கத்தை நிரப்புவதற்கு முன் குடியேற்ற வக்கீல் ஒருவர் அதைப் படிக்கவேண்டும். டிஸ்சார்ஜ் மனுவில் தேர்ந்த வக்கீலுக்கு இது தெரிந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு தொழில். கெடு நெருங்கிவிட்டதென்றால், தேதிகளையும் பணி மதிப்பீடுகளையும் வி.ஏ. கடிதத்தையும் மட்டும் இணைத்து மனுவை முதலில் பதிவுசெய்யுங்கள். வாக்குமூலத்தைப் பிறகு சேர்க்கலாம்.